பஸ்டர் கிராப்

பஸ்டர் கிராப் (1908 பெப்ரவரி 7 – 1983 ஏப்ரல் 23) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நீச்சல் வீரரும் திரைப்பட, தொலைக்காட்சி நடிகரும் ஆவார். இவரது இயற்பெயர் கிளாரன்ஸ் லிண்டன் கிராப். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்த காலத்தில் நாட்டின் முன்னணிக் கல்லூரி நீச்சல் வீரர்களுள் ஒருவராக விளங்கினார். 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும், 1932 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் வென்றார். பின்னர் ஹாலிவுட்டில் நுழைந்து டார்சான், பிளாஷ் கார்டன், பக் ரோஜர்ஸ் ஆகிய மூன்று புகழ்பெற்ற கதைமாந்தர்களாகவும் நடித்தார். தொடர்ப்படங்களின் அரசர் என இவர் அழைக்கப்பட்டார்.

பிறப்பும் இளமையும்

கிராப் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே இவரது குடும்பம் ஹவாயில் குடியேறியது. அக்காலத்தில் ஹவாய் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியாக இருந்தது. 1959 இல்தான் அது மாநிலத் தகுதி பெற்றது. இவரது தந்தை அங்கு அன்னாசித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். கடலும் அலைச்சறுக்கும் தீவுச் சிறுவர்களின் அன்றாட வாழ்க்கையில் கலந்திருந்தன. 1912, 1920 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹனமோக்கு ஹவாயைச் சேர்ந்தவர். அவரது வெற்றியால் அத்தீவுகளில் நீச்சலுக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டிருந்தது. அத்தகைய சூழலிலேயே கிராப் வளர்ந்தார்.

ஹொனலுலுவில் உள்ள புனஹோ பள்ளியில் இவர் கல்வி கற்றார். பள்ளிக் காலத்தில் நீச்சலில் மட்டுமன்றி வேறு பல விளையாட்டுகளிலும் சிறந்து விளங்கினார். எனினும் நீண்ட தூர நீச்சலே இவரது தனித்திறனாக அமைந்தது.

ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்

1928 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளுக்கு அமெரிக்க அணியில் கிராப் தெரிவு செய்யப்பட்டார். அப்போது இவருக்கு வயது 20. அதே அணியில் ஜானி வைஸ்முல்லரும் இடம்பெற்றிருந்தார். 1924 இலும் 1928 இலும் மொத்தம் ஐந்து நீச்சல் தங்கப் பதக்கங்களை வென்ற வைஸ்முல்லரின் பெயர், பிற்காலத்தில் கிராப்பின் பெயருடன் பலமுறை ஒப்பிடப்படவிருந்தது.

பிரீஸ்டைல் எனப்படும் தன்விருப்ப நீச்சலின் 1500 மீட்டர் பிரிவில் சுவீடனின் ஆர்னே போர்க் முதலிடத்தையும் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சார்ல்டன் இரண்டாம் இடத்தையும் பெற்றனர். கிராப் மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். 400 மீட்டர் பிரிவில் அர்ஜென்டினாவின் அல்பெர்ட்டோ சொரில்லா தங்கம் வென்றார். சார்ல்டனும் போர்க்கும் அடுத்த இரு இடங்களைப் பெற, கிராப் நான்காவதாக வந்தார். பதக்கம் கிடைக்காத இந்த 400 மீட்டர் பிரிவே நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

பல்கலைக்கழக வாழ்க்கை

லாஸ் ஏஞ்சலசில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிராப் பயின்றார். 1931 ஆம் ஆண்டு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்திய போட்டியில் தன்விருப்ப நீச்சலில் பட்டம் வென்றார். அதே ஆண்டில் அனைத்து அமெரிக்க வீரர் என்னும் சிறப்புக்கும் உரியவரானார். அப்பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணியிலிருந்து இச்சிறப்பைப் பெற்ற முதலாமவர் இவரே.

1931 இல் கிராப் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று வழக்கறிஞராக வேண்டும் என்பதே அப்போது இவரது திட்டமாக இருந்தது. அது உலகப் பெரும் பொருளாதார மந்தநிலை நிலவிய காலம். பட்டம் பெற்ற இளைஞர்களுக்கும் வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. நீச்சலோ வருமானம் தரும் தொழிலாக இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் பங்குபெறுவோர் விளையாட்டின் மூலம் பணம் ஈட்டக்கூடாது என்ற விதி அக்காலத்தில் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. பதக்கம் வென்றவருக்குப் புகழ் கிடைக்கும், பொருள் கிடைக்காது. எனவே அடுத்த ஒலிம்பிக்குடன் நீச்சலுக்கு விடை கொடுத்துவிட்டு வேறு தொழிலை நாடுவதே கல்லூரி வீரர் பலரின் வழக்கமாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்

1932 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் லாஸ் ஏஞ்சலசில் நடைபெற்றன. இப்போட்டிகளுக்கெனக் கட்டப்பட்ட நீச்சல் அரங்கு, கிராப் பயின்ற பல்கலைக்கழக வளாகத்திற்கு அருகிலேயே அமைந்திருந்தது. ஹவாயில் வளர்ந்தவரானாலும் இவருக்கு இது சொந்த ஊர்ப் போட்டி போன்றே இருந்தது.

அவ்வாண்டு ஆண்களுக்கான நீச்சலில் ஜப்பான் யாரும் எதிர்பாராத அளவுக்கு ஆதிக்கம் செலுத்தியது. 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் 15 வயதான யசூஜி மியசாக்கியும், 1500 மீட்டரில் 14 வயதான குசுவோ கிட்டமுராவும் தங்கம் வென்றனர். மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், தொடர் நீச்சல் ஆகியவற்றிலும் ஜப்பானியரே வென்றனர். ஆண்களுக்கான ஆறு நீச்சல் போட்டிகளில் ஐந்தை ஜப்பான் கைப்பற்றியது. எஞ்சிய ஒன்று 400 மீட்டர் தன்விருப்ப நீச்சல்.

அப்போட்டியில் வெல்லக்கூடியவராகக் கருதப்பட்டவர்களுள் முதன்மையானவர் பிரான்சின் ழான் தாரிஸ். அத்தூரத்தின் உலக சாதனை அப்போது அவர் வசமே இருந்தது. ஜப்பானியரான தக்காஷி யொக்கோயாமா முந்தைய சுற்றுகளிலேயே ஒலிம்பிக் சாதனையை முறியடித்திருந்தார். ஆம்ஸ்டர்டாமில் கிராப்பை முந்திய சார்ல்டனும் இறுதிப் போட்டியில் இடம்பெற்றிருந்தார்.

ஆகஸ்ட் 10 ஆம் நாள் இறுதிப் போட்டி நடைபெற்றது. போட்டியின் பெரும்பகுதியில் தாரிஸ் முன்னிலை வகித்தார். கிராப் சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசி நீளத்தில் அவரை எட்டினார். இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டனர். கிராப் எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம் 48.4 வினாடிகள். தாரிசின் நேரம் 4 நிமிடம் 48.5 வினாடிகள். வேறுபாடு பத்தில் ஒரு வினாடி மட்டுமே. கிராப் நீந்திய சராசரி வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால் இது ஏறக்குறைய 14 செண்டிமீட்டர் தூரத்திற்குச் சமமாகும். அதாவது 400 மீட்டர் தூரத்தை நீந்திய பின்னர், ஒரு கையளவு தூரத்தில் வெற்றி தோல்வி முடிவாயிற்று.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களை ஜப்பானியர் பெற்றனர். சார்ல்டன் ஆறாவதாக வந்தார். கிராப்பின் நேரம் புதிய ஒலிம்பிக் சாதனையாகப் பதிவாகியது. 1928 இல் சொரில்லா வென்ற நேரத்தைவிட இது 13 வினாடிகளுக்கும் மேல் குறைவானதாகும். 1932 ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான நீச்சலில் ஜப்பானியர் அல்லாத ஒருவர் வென்ற ஒரே தங்கப் பதக்கம் இதுவே. சில நாட்களுக்குப் பின் நடைபெற்ற 1500 மீட்டர் போட்டியில் கிராப் ஐந்தாம் இடத்தையே பெற முடிந்தது.

திரைப்படத்துறையில் நுழைவு

ஒலிம்பிக் நடைபெற்ற நகரம் ஹாலிவுட்டின் நகரமாகவும் இருந்தது. அதே ஆண்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வைஸ்முல்லரை டார்சானாக நடிக்கவைத்து வெளியிட்ட படம் பெரும் வெற்றி பெற்றிருந்தது. நல்ல உடற்கட்டுடைய விளையாட்டு வீரர்களைப் பிற நிறுவனங்களும் தேடத் தொடங்கின. கிராப் மாணவப் பருவத்திலேயே சில படங்களில் பெயர் குறிப்பிடப்படாத சிறு வேடங்களில் தோன்றியிருந்தார். அப்போது இவரை எவரும் கவனிக்கவில்லை. தங்கப் பதக்கத்துக்குப் பின்னர் நிலை மாறியது. பாரமவுண்ட் நிறுவனம் இவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

இவ்வொப்பந்தத்துடன் இவரது போட்டி நீச்சல் வாழ்க்கை முடிவுக்கு வந்தது. சட்டக் கல்வி எண்ணமும் கைவிடப்பட்டது. அந்தப் பத்தில் ஒரு வினாடியே தனது வாழ்க்கையை மாற்றியது என்றும், தன்னிடம் நடிப்புத் திறமை இருப்பதைத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் அதன் பின்னரே கண்டுபிடித்தனர் என்றும் கிராப் பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இரண்டாவதாக வந்திருந்தால் தன்னை யாரும் நடிக்க அழைத்திருக்க மாட்டார்கள் என்பதை இவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1933 இல் வெளிவந்த "காட்டு அரசன்" என்னும் பொருள்படும் தலைப்புடைய படத்தில் சிங்கங்களுடன் வளர்ந்த மனிதனாக முதன்மை வேடம் ஏற்றார். அதே ஆண்டில் சோல் லெஸ்ஸர் தயாரித்த தொடர்ப்படத்தில் டார்சானாக நடித்தார். ஆயினும் மக்கள் மனத்தில் டார்சானாக நிலைபெற்றவர் வைஸ்முல்லரே. கிராப் அவரைப் பின்பற்றி வந்தவராகவே கருதப்பட்டார். 1934 இல் வெளிவந்த ஒரு படத்தில் இவருக்கு ஒலிம்பிக் நீச்சல் வீரர் வேடமே அளிக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் இவரது உடலும் பதக்கமுமே முன்னிறுத்தப்பட்டன என்பதற்கு இப்படங்கள் சான்றாகும். இதே காலத்தில் சேன் கிரேயின் புதினங்களைத் தழுவிய மேற்கத்தியப் படங்களிலும் இவர் நடித்தார்.

தொடர்ப்படங்கள்

தொடர்ப்படம் என்பது ஒரே கதையைப் பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அத்தியாயங்களாகப் பிரித்து, வாரம் ஒன்றாகத் திரையரங்கில் காட்டும் முறையாகும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கதைத்தலைவன் பெரும் ஆபத்தில் சிக்கிக்கொள்வான். அவன் தப்பினானா என்பதை அறிய அடுத்த வாரம் மீண்டும் வரவேண்டும். சிறுவர்களே இவற்றின் முதன்மைப் பார்வையாளர்கள். இவை குறைந்த செலவில் விரைவாக எடுக்கப்பட்டதால், நடிப்பவருக்கு ஓடவும் தாவவும் சண்டையிடவும் தேவையான உடல் வலிமை இன்றியமையாததாக இருந்தது.

அலெக்ஸ் ரேமண்ட் வரைந்த பிளாஷ் கார்டன் சித்திரக்கதை 1934 இல் அமெரிக்க நாளிதழ்களில் வெளிவரத் தொடங்கியது. வேற்றுக்கோளுக்குச் சென்று மிங் என்னும் கொடுங்கோலனை எதிர்க்கும் வீரனின் கதை அது. யூனிவர்சல் நிறுவனம் இதனைத் தொடர்ப்படமாக்க முடிவு செய்து, பாரமவுண்ட் நிறுவனத்திடமிருந்து கிராப்பை இரவலாகப் பெற்றது. சித்திரக்கதையின் நாயகன் பொன்னிறத் தலைமுடி உடையவன் என்பதால் கிராப்பின் கருமையான முடிக்குச் சாயம் பூசப்பட்டது. 13 அத்தியாயங்கள் கொண்ட இப்படம் 1936 இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. மிங்காகச் சார்ல்ஸ் மிடில்டனும் நாயகியாக ஜீன் ரோஜர்சும் நடித்தனர். இதன் தொடர்ச்சிகள் 1938 இலும் 1940 இலும் வெளியாகின. இடையில் 1939 இல் பக் ரோஜர்ஸ் என்னும் மற்றொரு விண்வெளி வீரனாகவும் கிராப் நடித்தார்.

மொத்தம் ஒன்பது தொடர்ப்படங்களில் இவர் நாயகனாக நடித்துள்ளார். அவற்றில் கடைசியானது 1952 இல் வெளிவந்தது. தொலைக்காட்சியின் வருகையால் அதே பத்தாண்டில் அமெரிக்காவில் இவ்வகைப் படங்கள் எடுப்பது நின்றுபோனது.

மேற்கத்தியப் படங்கள்

1941 முதல் 1946 வரை ஒரு சிறிய படநிறுவனத்துக்காக முப்பதுக்கும் மேற்பட்ட மேற்கத்தியப் படங்களில் கிராப் நடித்தார். இவற்றில் நகைச்சுவை நடிகர் அல் செயிண்ட் ஜான் இவருடன் இணைந்து நடித்தார். மிகக் குறைந்த செலவில் சில நாட்களிலேயே முடிக்கப்பட்ட இப்படங்கள் கலை நோக்கில் உயர்ந்தவை அல்ல. எனினும் சிற்றூர்த் திரையரங்குகளில் இவை நன்றாக ஓடின.

1946 இலும் 1950 இலும் வெளிவந்த இரு படங்களில் கிராப்பும் வைஸ்முல்லரும் ஒன்றாக நடித்தனர். இரண்டிலும் வைஸ்முல்லர் நாயகன், கிராப் எதிர்நாயகன்.

நீச்சல் காட்சிகளும் தொலைக்காட்சியும்

1939 – 1940 நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பில்லி ரோஸ் என்பவர் நடத்திய நீர்க்காட்சி பெரும் கூட்டத்தை ஈர்த்தது. இசை, நடனம், நீச்சல் மூன்றும் இணைந்த இக்காட்சியில் முதலாம் ஆண்டில் வைஸ்முல்லர் பங்கேற்றார். இரண்டாம் ஆண்டில் அவருடைய இடத்தில் கிராப் நீந்தினார். 1932 இல் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்ற எலனோர் ஹோம் அதில் முதன்மை நீச்சல் வீராங்கனையாக இருந்தார். பின்னர் கிராப் தமது பெயரிலேயே ஒரு நீர்க்காட்சிக் குழுவை அமைத்துப் பல ஊர்களில் நிகழ்ச்சி நடத்தினார்.

1950களின் தொடக்கத்தில் நியூயோர்க் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சிகளை நடத்தினார். 1955 முதல் 1957 வரை ஒளிபரப்பான "கேப்டன் கலன்ட்" என்னும் தொடரில் பிரெஞ்சு அந்நியப் படையணியின் தலைவராக நடித்தார். மொரோக்கோவில் படமாக்கத் தொடங்கப்பட்ட இத்தொடரில் இவரது மகன் கல்லனும் ஒரு சிறுவனாக நடித்தார். இதே ஆண்டுகளில் பழைய பிளாஷ் கார்டன் படங்களும் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகின. அதனால் கிராப் ஒரே காலத்தில் இரண்டு தலைமுறைச் சிறுவர்களின் நாயகனாக விளங்கினார்.

நீச்சலுக்குத் திரும்புதல்

நடிப்பு வாய்ப்புகள் குறைந்த பின்னர் கிராப்பின் வாழ்க்கை மீண்டும் தண்ணீரையே சார்ந்து அமைந்தது. நியூயோர்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் இருந்த கன்கார்ட் உல்லாச விடுதியில் நீச்சல் நடவடிக்கைகளின் பொறுப்பாளராகப் பணியாற்றினார். அடிரொண்டாக் மலைப்பகுதியில் சிறுவர்களுக்கான கோடைகால முகாம் ஒன்றையும் நடத்தினார். நீச்சல் குளங்கள் அமைக்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பர முகமாகவும் விளங்கினார். முதியோருக்கான உடற்பயிற்சி முறைகளைப் பரப்புவதில் ஆர்வம் காட்டி, 1970களில் அது குறித்து ஒரு நூலும் வெளியிட்டார்.

இக்காலத்தில் குறிப்பிடத்தக்க செய்தி இவர் மீண்டும் போட்டிகளில் நீந்தியதாகும். அறுபது வயதைக் கடந்த பின்னர், மூத்தோருக்கான 400 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் தமது வயதுப் பிரிவில் சாதனை நேரத்தைப் பதிவு செய்தார். லாஸ் ஏஞ்சலசில் தங்கம் வென்றதும் இதே தூரத்தில்தான். திரைப்பட ஒப்பந்தத்தால் 24 வயதில் நின்றுபோன போட்டி நீச்சல் இவ்வாறு முதுமையில் தொடர்ந்தது.

குடும்பம்

1933 ஆம் ஆண்டு கிராப் திருமணம் செய்துகொண்டார். இத்திருமண வாழ்க்கை இவரது மறைவு வரை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. இவர்களுக்கு இரண்டு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். மகள்களுள் ஒருவர் உணவு உட்கொள்ள இயலாமல் உடல் மெலியும் பசியின்மை உளநோயினால் 1957 இல் தமது 20 ஆவது வயதில் காலமானார். உடல்நலத்தையும் வலிமையையும் தமது அடையாளமாகக் கொண்டிருந்த கிராப்பின் வாழ்வில் இது பேரிழப்பாக அமைந்தது. அந்நோய் பற்றிய பொதுமக்களின் அறிவு அக்காலத்தில் மிகக் குறைவாகவே இருந்தது.

இறுதிக்காலமும் மறைவும்

1979 இல் தொடங்கிய பக் ரோஜர்ஸ் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் கிராப் சிறப்புத் தோற்றத்தில் நடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் ஏற்ற வேடத்தில் வேறொருவர் நடிக்க, அவருடன் விண்கலம் ஓட்டும் மூத்த வீரராக இவர் தோன்றினார். அந்த வேடத்தின் பெயர் கார்டன் என்பதாகும்.

1983 ஏப்ரல் 23 ஆம் நாள் அரிசோனா மாநிலம் ஸ்கொட்ஸ்டேல் நகரில் உள்ள தமது இல்லத்தில் மாரடைப்பினால் காலமானார். அப்போது இவருக்கு வயது 75. ஒன்பது மாதங்களுக்குப் பின்னர், 1984 ஜனவரியில் வைஸ்முல்லரும் மறைந்தார்.

மதிப்பும் தாக்கமும்

1965 ஆம் ஆண்டு பன்னாட்டு நீச்சல் புகழ் மன்றம் முதன்முதலாகத் தெரிவு செய்தவர்களுள் கிராப்பும் ஒருவர். ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இவரது பெயர் தாங்கிய நட்சத்திரம் பதிக்கப்பட்டுள்ளது. 1936 ஆம் ஆண்டின் பிளாஷ் கார்டன் தொடர்ப்படம் 1996 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இளமையில் தொலைக்காட்சியில் பார்த்த பிளாஷ் கார்டன் கதையையே முதலில் படமாக்க விரும்பினார். அதற்கான உரிமை கிடைக்காததால் அவர் தாமே புதிய கதை ஒன்றை எழுதினார். அதுவே 1977 இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படம் ஆகும். அப்படத்தின் தொடக்கத்தில் மேல்நோக்கி நகரும் கதைச்சுருக்க எழுத்துகள் கிராப் நடித்த தொடர்ப்படங்களின் பாணியில் அமைந்தவை.

தமது கல்லூரி அணியைச் சேர்ந்த பலரைப் போல நீச்சலை விட்டு வேறு தொழிலுக்குச் செல்லவே கிராப் எண்ணியிருந்தார். ஒரு கையளவு தூரத்தில் பெற்ற வெற்றி அந்தத் திட்டத்தை மாற்றியது. பெரிய நடிகர் என்ற பெயரை இவர் பெறவில்லை. அதனை நாடவும் இல்லை. பயிற்சியால் உருவான உடலையும் தளராத உழைப்பையும் கொண்டு ஐம்பது ஆண்டுகள் பொதுவாழ்வில் நிலைத்திருந்தார்.

ஒலிம்பிக் முடிவுகள்

1928 ஆம்ஸ்டர்டாம் – 1500 மீட்டர் தன்விருப்ப நீச்சல்: வெண்கலம்
1928 ஆம்ஸ்டர்டாம் – 400 மீட்டர் தன்விருப்ப நீச்சல்: நான்காம் இடம்
1932 லாஸ் ஏஞ்சலஸ் – 400 மீட்டர் தன்விருப்ப நீச்சல்: தங்கம் (4 நிமிடம் 48.4 வினாடிகள், ஒலிம்பிக் சாதனை)
1932 லாஸ் ஏஞ்சலஸ் – 1500 மீட்டர் தன்விருப்ப நீச்சல்: ஐந்தாம் இடம்